இடது கைக்கு அருப்புக்கோட்டைச் சாயம்

தாவீதுராஜின் இடது கை திருச்சுழிக்கு முதன்முதலாக வந்து சேர்ந்தது 1966 கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மீதி ஆள் அப்போது லடாக்கில், ராணுவத்தின் வயர்லெஸ் கூடாரத்தில் இருந்தார். அவர் மனைவி ஜெயசெல்வி அடுப்படியில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே இன்னொரு கை முறத்திலிருந்து கடலையை எடுத்து உரிக்க ஆரம்பித்தது. தோளில் தொடங்கி விரலில் முடிகிற முழுக் கை. மணிக்கட்டில் கடிகாரம், முழங்கைக்குக் கீழே சின்ன வயதில் கருவேல முள் கிழித்த தழும்பு. அலற வாயைத் திறந்தவள் தழும்பைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். கட்டின புருஷன் கையைப் பார்த்து அலறினால் ஊர் என்ன சொல்லும்!

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஸ்வெட்டர்தான். தை மாதத்திலேயே வேர்க்கிற திருச்சுழியில் ஸ்வெட்டர் பின்னத் தெரிந்தவள் ஜெயசெல்வி ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கற்றது. மதுரையில் வாங்கிய பச்சைக் கம்பளி நூல் முன்பக்கம், முதுகு, வலது கை வரைக்கும் வந்து தீர்ந்துபோனது. மறுபடி பஸ்ஸேறிப் போனால் கடைக்காரர் வேறொரு பச்சையை நீட்டி, "அந்த லாட்டு முடிஞ்சுபோச்சும்மா, இதுவும் பச்சைதான" என்றார். வேப்பிலையும் பச்சைதான், கிளியும் பச்சைதான். ஜெயசெல்வி அதை ஒதுக்கிவிட்டு வெள்ளைக் கம்பளி நூலாக நாலு சிட்டம் வாங்கிக்கொண்டு வழியில் அருப்புக்கோட்டையில் இறங்கினாள். ஊர் முழுக்கத் தறி, சாயத்துக்கா பஞ்சம்?

சாயப்பட்டறை வெள்ளத்துரை முப்பது வருஷமாகப் பருத்தி நூலுக்குச் சாயம் ஏற்றியவர். கம்பளி என்பது ஆட்டு மயிர், அதன் குணம் வேறு என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம், யோசிக்கவில்லை. பருத்திக்குப் போடுவதுபோலவே சோடாவை அள்ளிப் போட்டு, பட்டறைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க முக்கினார். மூன்று சிட்டம் கொப்பரையிலேயே கூழாகிப்போனது. தப்பித்த ஒன்றும் பாசி பிடித்த ஊருணித் தண்ணீர் நிறத்தில் வந்தது. "விடும்மா, குளிருக்குக் கண்ணா இருக்கு, கலர் பாக்க?" என்றார் வெள்ளத்துரை. கூலி மட்டும் கேட்கவில்லை, அந்த அளவுக்கு மனுஷன். அழுதுகொண்டே அந்த ஒற்றைச் சிட்டத்தில் இடது கையைப் பின்னி, பார்சல் கட்டி அனுப்பினாள். அருப்புக்கோட்டைத் தண்ணீர் ஏறிய கைக்குள் நுழைந்த கை ஊர் திரும்பியது. மற்ற உறுப்புகள் வரவில்லை. இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை.

ஐப்பசியில் அவர் ஸ்வெட்டரை மாட்டினால் கை இங்கே வரும். சித்திரையில் கழற்றினால் போய்விடும். அங்கே ஸ்வெட்டருக்குள் இருந்த கை அந்த ஆறு மாதமும் மரத்துப்போய்த் தொங்கியது. வலது கையாலேயே வயர்லெஸ்ஸைத் திருகிச் சமாளித்தார். பட்டாளத்து டாக்டர் குளிர் என்று எழுதி மாத்திரை கொடுத்தார். இங்கே அந்தக் கை அரிசியில் கல் பொறுக்கியது, கதவைத் தாழிட்டது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டை வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்தது. முதல் மாதம் வேடிக்கை பார்க்க நரிக்குடியிலிருந்துகூட ஆள் வந்தார்கள். அப்புறம் மழையில்லாத வருஷம் வந்தது, அவரவர் பாடு அவரவருக்கு. நாத்தனார் ரோஸி மட்டும் கேலியை விடவில்லை. "மதினி, மத்தவளுக்கெல்லாம் முழுப் புருஷன் வீட்டுல கெடந்தும் ஒரு துரும்பத் தூக்கிப் போடுறதில்ல. ஒனக்கு ஒத்தக் கையி இம்புட்டு வேல பாக்குதே!" என்பாள். ஜெயசெல்வி சந்தோஷமாக இருந்தாள். அதை மறைக்கவும் இல்லை.

1967 கோடையில் ஸ்வெட்டர் பார்சலில் திரும்பி வந்தது. ஒரு கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்று ஹவில்தார் எல்லார் முன்னாலும் ஏசுகிறார், இடது கையைப் பிரித்து நிறம் பார்த்துப் பின்னி அனுப்பு என்று தாவீதுராஜ் எழுதியிருந்தார். அவருக்கு விஷயம் தெரியாது. சொன்னால் பைத்தியம் என்பாரோ என்று அவள் எழுதவே இல்லை. மதுரைக் கடையில் அந்த நேரம் பார்த்துப் பழைய லாட்டுப் பச்சை ஒரு சிட்டம் கிடைத்தும் தொலைத்தது. மணிக்கட்டில் நாலு வரி பிரித்தாள். ஐப்பசியில் அடுப்படி எப்படி இருக்கும் என்று நினைத்ததும் கை ஓடவில்லை. பிரித்ததைத் திரும்பப் பின்னி, நூல் கிடைக்கவில்லை என்று பொய் எழுதி அனுப்பிவிட்டாள். அந்த ஐப்பசியில் கை வந்ததும் அதன் ஐந்து விரலுக்கும் மருதாணி அப்பினாள். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது: "ஜெயா, காலையில கையுறையக் கழட்டுனா வெரலெல்லாம் செவப்பு. நம்ம வீட்டு மருதாணி வாசன. கையி எங்க இருக்குன்னு வெளங்கிருச்சு. ஸ்வெட்டர மாத்த வேண்டாம், கோட்டுக்கு உள்ள போட்டுக்கிறேன். மருதாணி மட்டும் வேண்டாம்மா, பயலுக சிரிக்கிறானுவ."

இப்படி மூன்று குளிர்காலம் போனது. 1970 தை மாதம், பனிச்சரிவில் கூடாரம் புதைந்தது, ஆளைக் காணவில்லை என்று தந்தி வந்தது. ரோஸி மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஜெயசெல்வி அவளைக் கூட்டிப்போய்க் கையைக் காட்டினாள். அது திரியைத் தூண்டி மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்துக்கொண்டிருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. "அவுக இருக்காக ரோஸி, எங்கயோ இருக்காக" என்றாள். மாசி போனது, பங்குனி போனது. மற்ற வருஷம் சித்திரை வராதே என்று கும்பிட்டவள், அந்த வருஷம் சித்திரைக்காக நாள் எண்ணினாள். கை போய்விட்டால் அவர் எங்கேயோ உயிரோடு நின்று ஸ்வெட்டரைக் கழற்றுகிறார் என்று அர்த்தம். சித்திரை ஒன்று, பத்து, இருபது. "போயிருங்க அத்தான், ஒங்களக் கும்புட்டுக் கேக்கேன், போயிருங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அது அவள் கண்ணைத் துடைத்தது, போகவில்லை. அக்கினி நட்சத்திரம் பிறந்து, முழங்கையிலிருந்து வேர்வை சொட்டிய அன்றைக்கு ஜெயசெல்வி தாலிச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்க அழுதாள். இனி அந்த ஸ்வெட்டரை யாரும் கழற்றப்போவதில்லை.

பட்டாளத்துக் காகிதத்துக்கு அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸில் சான்று கேட்டார்கள். குமாஸ்தா பூமிநாதன் நிதானமான ஆள். ஜெயசெல்வியைப் பார்த்தார், அவள் பக்கத்தில் பெஞ்சில் இருந்த கையைப் பார்த்தார், "காலமானார், இடது கை நீங்கலாக" என்று எழுதினார். சாட்சிக்கு யார் என்று கேட்டபோது கை தானே நீண்டது. பெருவிரலில் மை தடவி உருட்டினார். ரேகை சுத்தமாக விழுந்தது. ஜெயசெல்வி மையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, அந்தக் கையைக் கோத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஞ்சு லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் வழி விட்டார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர்கள் பட்டப்பகலில் தெருவில் கைகோத்து நடந்தது அன்றைக்குத்தான்.