மங்காத சிவப்பு

1

முற்பகல் பதினொன்றே கால். வெளியே வெயில். ஓர் ஆய்வகத்தின் இருட்டறையில் நின்று, பச்சை இலை ஒன்று சிவப்பாக ஒளிர்வதைப் பார்த்தேன். கதை அங்கிருந்து வந்தது. மற்றதெல்லாம் நான் சேர்த்தது. முழுக்க நம்ப வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: தங்கையின் தக்காளி நாற்றுகள் ஒரே வாரத்தில்...

(வேண்டாம். வாசகர் உடனே, செய்தது அண்ணன்தான் என்று பிடித்துக்கொள்வார்.)

இரண்டாவது: அண்ணனும் தங்கையும் ஒரு கண்ணாடிக் குடிலை நடுவில் தடுத்து, ஆளுக்கொரு கதவு வைத்து, ஆளுக்குப் பாதியில் நாற்று வளர்க்கிறார்கள். அவனுடையது செழிக்கிறது. அவளுடையது வாடுகிறது. இந்த முறையும் நாற்று போனால் அவள் தன் பாதியை அவனுக்கே விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவன் களைக்கொல்லி தெளித்திருப்பான் என்று சந்தேகப்படுகிறாள்.

அண்ணனை நல்லவனாக எழுதிப் பார்த்தேன். தினமும் அவள் பக்கத்துக்கும் சேர்த்து அவனே தண்ணீர் திறந்துவிடுகிறான். மறுபடி படித்தால் அந்த நல்ல குணமே இடிக்கிறது.

3

இலையின் பச்சையம் ஒளியை விழுங்குகிறது. நீலத்தையும் சிவப்பையும் அதிகமாக. விழுங்கிய ஆற்றலைக் கையோடு அடுத்த மூலக்கூறுக்குத் தள்ளிவிட வேண்டும். சில களைக்கொல்லிகள் அந்த வழியை அடைத்துவிடும். போக்கிடமில்லாத ஆற்றலில் கொஞ்சம் வெப்பமாகும். கொஞ்சம் சிவப்பொளியாக வெளியே வரும். வெறும் கண்ணுக்கு இலை அப்போதும் பச்சைதான்.*

* இதைக் குடும்பத்துக்கு உவமையாக்கக் கை துறுதுறுத்தது. அடித்துவிட்டேன்.

4

தங்கை இரண்டு இலைகளோடு ஆய்வகத்துக்கு வருகிறாள். ஒன்று அவளுடையது. ஒப்பிட, அண்ணன் பக்கத்தது ஒன்று. தன் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறாள். பரிசோதகர் அவற்றை இருட்டில் வைத்திருந்து, பிறகு நீல விளக்கைப் போட்டு, அவள் கையில் சிவப்புக் கண்ணாடித் துண்டைக் கொடுக்கிறார்.

“இது வழியாப் பாருங்க. நல்ல இலைன்னா சிவந்த வேகத்துல மங்கிடும். மருந்து பட்டது மங்காது.”

“என்னோடது மங்கலை.”

“அதான் தெரியுதே. இன்னொண்ணு?”

“அதுவும் மங்கலையே மேடம்.”

“உங்க அண்ணன் தன் தலையிலயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டாரா? நல்ல ஆளு.” பரிசோதகர் குனிந்து பார்த்தார். “இது இன்னும் வாடக்கூட ஆரம்பிக்கலை. இப்பத்தான் பட்டிருக்கணும்.”

5

முடிவு அ: இருவருக்கும் பொதுவான தண்ணீர்த் தொட்டியில் களைக்கொல்லியைக் கலந்தவர் யாரோ மூன்றாமவர். எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே நம்பவில்லை.

முடிவு ஆ: தன்மேல் சந்தேகம் வராமலிருக்க அண்ணனே தன் செடிகளிலும் கொஞ்சம்...

முடிவு இ: தங்கை. (இவளை நாம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வாடியது இவள் செடி என்பதாலா?)

மூன்றில் எதுவென்று எனக்குத் தெரியாது. தெரியாமலே அவளைக் குடிலுக்குத் திருப்பி அனுப்புகிறேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறான்.

“உன் செடியும் போச்சுண்ணா. டெஸ்ட்ல தெரிஞ்சுது.”

“என் இலையையா குடுத்த?”

“ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணு வேணும்ல?”

அவன் குழாயை மூடினான்.

“என் பக்கத்தை நான் பூட்டிட்டுத்தானே போனேன். நீ எப்படிம்மா உள்ள வந்த?”