லிமாக்காரன்

கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டு, காது மூடும் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஹசன் அலி கடைவாசலில் நின்றான். கீழக்கரையில் பிறந்தவன். நெஞ்சில் குத்தியிருந்த பேட்ஜில் 'டியேகோ, லிமா' என்றிருந்தது. துபாய்க் கண்காட்சியில் பெரு நாட்டு அரங்குக்கு ஆள் பெருவிலிருந்தா வருவான்? லிமா அந்த நாட்டின் தலைநகரம் என்பதே அவனுக்குப் போன மாதம்தான் தெரியும்.

வருகிறவர்களுக்கு 'ஓலா' சொல்லி, பின்சுவரை அடைத்திருந்த லிமா படத்தை ஆங்கிலத்தில் விளக்கி, கம்பளி விற்க வேண்டும். தமிழ் வாயில் வரக்கூடாது. டூட்டி நேரத்தில் சொந்தக்காரர் வந்து நிற்கக்கூடாது. பக்கத்து அரங்கில் ஒருவன் தன் அக்காவோடு பேசிய அன்றே அவன் விசா ரத்தானது.

காலையில்தான் மனைவி ஹிஃப்ஸா விசிட் விசாவில் வந்து இறங்கியிருந்தாள், கைக்குழந்தையாக அவன் விட்டுவந்த மகள் இஃப்பத்தோடு. விமான நிலையம் போக லீவு கிடைக்கவில்லை. டூட்டி முடிந்தால் பஸ் நேரே கம்பெனி விடுதிக்குத்தான். அடுத்த லீவு வரை பொறுக்க அவளுக்கு மனசில்லை. "கஸ்டமர் மாதிரி வாரேன் மச்சான். பேசவே மாட்டேன். பாத்துட்டுப் போயிடுறேன்" என்று போனில் சொன்னாள்.

சொன்னபடியே வந்து நின்றாள்.

"ஓலா, மேடம்" என்றான் அவன்.

மேற்பார்வையாளர் நுஃமான் கல்லாவில் இருந்தார். புதிதாக வந்தவர், அவருக்கும் அவன் டியேகோதான். பாலக்காட்டுக்காரர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் பேசுகிற வரைதான் அவள் அங்கே நிற்க முடியும். ஆகவே ஹசன் அலி பேசினான். ஸ்பானியர்கள் ஊரை நிறுவிய கதை, பெரிய சதுக்கத்து வெண்கல நீரூற்று, ஊர் நடுவே நிற்கும் பழைய மண்கல் பிரமிடு, கடல் கடந்து வந்த ஒலிவ மரங்களின் பூங்கா. வழக்கமாக மரங்களோடு முடித்துவிடுவான். இன்று மரத்தடி பெஞ்சு, குளம், புறா என்று நீட்டினான். ஹிஃப்ஸாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஒட்டிப்போன அவன் கன்னத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். லிமாவின் வரலாற்றுக்குக் கண்கலங்கிய வாடிக்கையாளர் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"உம்மா, இவங்க கொரல் வாப்பா கொரல் மாதிரியே இருக்கு" என்றாள் இஃப்பத்.

நுஃமான் எழுந்து வந்தார். நல்ல மனுஷர்தான். "தமிழ்நாடா? பாப்பாவோட வாப்பா வரலையா?"

"வேலையில இருக்காக. லீவு கெடைக்கல" என்றாள் ஹிஃப்ஸா.

"அப்போ டியேகோவோட ஒரு போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புங்க, சந்தோஷப்படுவார். போனைத் தாங்க."

மூவரும் சேர்ந்து இதுவரை ஒரு போட்டோ எடுத்ததில்லை. லிமா படத்தின் முன்னால் நின்றார்கள். இஃப்பத் நடுவில் நின்று இருவர் விரலையும் பிடித்துக்கொண்டாள். ஹிஃப்ஸா தன்னையறியாமல் நெருங்கினாள். அவள் தோள் அவன் கையில் பட்டது.

நுஃமான் போனைத் தாழ்த்தினார். "டியேகோ, மூவ்! முஸ்லிம் லேடி. டிஸ்டன்ஸ்!" பிறகு அவளிடம் தாழ்ந்த குரலில், "தப்பா நினைக்காதீங்க சகோதரி. வெளிநாட்டுக்காரன், நம்ம மரியாதை தெரியாது" என்றார்.

"சாரி, மேடம்" என்று ஹசன் அலி விலகினான்.

"இன்னும் கொஞ்சம்" என்றார் நுஃமான்.

அவன் இன்னும் ஓரடி விலகினான். இஃப்பத்தின் கையிலிருந்து அவன் விரல் நழுவியது.