கரம்போர்ட் சட்டத்தில் கடைந்த பேனை

வர்ஷினிதான் கேட்டாள். "சித்தி, என்ட கல்யாண எழுத்துக்கு நீங்க செஞ்ச பேனையிலதான் சைன் வைப்பன். சித்தப்பாட கரம்போர்ட் சட்டத்தில செஞ்சு தாங்க."

மீனுவுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கணவன் விஷ்வா இறந்துபோய் இரண்டு வருடம். தன் அண்ணன் மகள் வர்ஷினியோடு ஞாயிறு தவறாமல் அவன் விளையாடிய கரம்போர்ட் கட்டிலுக்கடியில் கிடந்தது. கல்யாணப் பதிவில் கையெழுத்து வைக்கும் அந்த எழுத்து நாளில் அவன் இருக்கமாட்டான். அவன் பலகையாவது அந்தப் பிள்ளையின் விரல்களுக்குள் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

பேனை கடைய அவள் தொடங்கி ஆறு மாதம்தான். கடைசல் மெஷின் வாங்க வசதியில்லை. புறக்கோட்டையில் வாங்கிய பழைய கைட்ரில்லை வெள்ளவத்தை ஃப்ளட் வீட்டின் சமையல் மேசையில் இரண்டு இடுக்கிகளால் இறுக்கினாள். துளையிட்ட மரத்துண்டை நீளமான போல்ட்டில் கோர்த்துச் சுழலவிட்டாள். உளிக்குப் பதில் அரம், பிறகு சாண்ட்பேப்பர், மினுக்கத்துக்கு சுப்பர் குளூ. முதல் பேனை வீடு கூட்டும் தும்புத்தடியின் கட்டையில், வெடித்துச் சிதறியது. அடுத்ததில் பசை மரத்துக்குள் ஒட்டும் பித்தளைக் குழாய்க்குள் வழிந்து மைக்குச்சி நுழைய மறுத்தது. அதற்குப் பிறகு கை படிந்துவிட்டது.

கரம்போர்ட் சட்டத்தில் அறுத்த துண்டு சுழன்றபோது மூலையில் படிந்திருந்த பவுடர் பறந்து மூக்கில் ஏறியது. ட்ரில்லை நிறுத்தி மூக்கைத் துடைத்தாள். பிறகு கடைந்தாள்.

தெஹிவளையில் மண்டபம். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு இராகு காலம். அதற்குள் கையெழுத்து முடியவேண்டும். பதிவாளர் ஜெயராணி பெயர்களையெல்லாம் எழுதி முடித்துப் புத்தகத்தைத் திருப்பிவைத்தார். வர்ஷினி பூத்தட்டிலிருந்து பேனையை எடுத்தாள்.

"அதைக் கீழ வை," என்றாள் அவள் தாய் சிகப்பி.

"ஏன் அம்மா?"

"செத்தவர்ட பலகை. தாலி இல்லாதவட கைவேலை. உன்ட வாழ்க்கைய இதாலயா தொடங்கப்போற?"

மெதுவாகச் சொன்னதுபோல்தான் சொன்னாள். மூன்றாம் வரிசை வரை கேட்டது. மீனு மூன்றாம் வரிசையில்தான் இருந்தாள்.

வர்ஷினி பேனையைத் தட்டில் வைத்தாள்.

பதிவாளர் தன் பேனையை நீட்டினார். கடதாசியைக் கீறியதே தவிர மை வரவில்லை. "எழுதி எழுதியே முடிஞ்சிட்டுது போல. வேற ஆரிட்டயாவது இருக்கா?"

அறுபது பேர் இருந்த மண்டபத்தில் ஒரு பேனை இல்லை. ஆண்கள் பொக்கெட்டைத் தட்டினார்கள், போன்கள்தான் வந்தன.

"பொம்பிளைட அப்பாவுக்குப் புறக்கோட்டையில மூண்டு கடை, ஒரு பேனைக்கு வழியில்ல," என்றது மாப்பிள்ளைப் பக்கத்துக் குரலொன்று. சிரிப்பு.

"அதான் இந்தா ஒண்டு இருக்கே," என்றார் பதிவாளர் தட்டைப் பார்த்து.

"அது எழுதாது," என்றாள் சிகப்பி.

வர்ஷினியின் அப்பா தியாகு, பேனை தேடி டிரைவர் புஷ்பராஜைக் கீழே ஓடவிட்டார். நாலு பதினேழு. எல்லோரும் காத்திருந்தார்கள். பேனை மல்லிகைக்கு நடுவே பளபளவென்று கிடந்தது. வர்ஷினி தன் மருதாணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை தலை நிமிர்ந்தால் போதும் என்று மீனு இருந்தாள். நிமிரவில்லை.

நாலு இருபத்தாறுக்குப் புஷ்பராஜ் மூச்சிரைக்க வந்தான். லொத்தர் சீட்டு விற்பவரின் மேசையிலிருந்து கெஞ்சி வாங்கிய பேனை. கட்டியிருந்த நூல் இன்னும் தொங்கியது. மணமகள் அந்த நூலை ஒதுக்கிப் பிடித்துக் கையெழுத்து வைத்தாள். கைதட்டினார்கள்.

சாப்பாடு முடிந்ததும் மண்டபக்காரர் பில்லோடு வந்தார். லொத்தர் பேனை திரும்பப் போய்விட்டிருந்தது. தியாகு தட்டை எட்டி மீனுவின் பேனையை எடுத்துத் திருகினார்.

"இதுக்குப் பரவாயில்லையா அத்தான்?" என்று கணவனின் அண்ணனைக் கேட்டாள் மீனு.

"இது பில் தானே மீனு." கையெழுத்துப் போட்டார். இன்னொரு தரம் கிறுக்கிப் பார்த்தார். "நல்லாத்தான் எழுதுது. தீபாவளிக்குக் கடைக் கஸ்டமர்மாருக்குக் குடுக்க ஒரு பன்னிரண்டு செஞ்சு தா. ஆர் செஞ்சதெண்டு மட்டும் சொல்லவேணாம், என்ன?" பேனையைத் தன் சட்டைப் பொக்கெட்டில் செருகிக்கொண்டு போனார்.

புறப்படும் நேரத்தில் வர்ஷினி கைகழுவும் இடத்துக்குத் தேடி வந்தாள். தனியாக.

"சித்தி, அம்மா அப்பிடித்தான், தெரியுந்தானே. பேனையத் தாங்க. நான் என்னோட வச்சிருக்கிறன்."

"உங்கப்பாட பொக்கெட்டில இருக்கு. மண்டப பில்லுக்குத் தோதா இருந்துது."

வர்ஷினியின் உதடு கோணியது. கண் நிறைந்தது. கரமில் தோற்கும்போதெல்லாம் இப்படித்தான் அழுவாள். விஷ்வா உடனே ஒரு காயை எடுத்து அவள் பக்கம் தள்ளிவிடுவான். மீனுவின் இடுப்பில் கண் துடைக்கக் கைலேஞ்சி இருந்தது. எடுக்கவில்லை.

"அழாத. மேக்கப் கரையும்," என்றாள். "வெளிய போட்டோவுக்குக் காத்திட்டிருக்காங்க."

பிறகு குழாயைத் திறந்து, கழுவிய கையை மறுபடியும் கழுவினாள்.