ஆறாவது நிமிடம்

ஐந்து நிமிடம் என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ஐந்துதான் என்பீர்கள். நாடாளுமன்றத்தில் கேட்டிருந்தால் ஆறு என்றிருப்பார்கள்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். ஐந்து நிமிடம். மணி நின்றதும் சபையின் பெரிய கதவைப் பூட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறவருக்கு ஓட்டுக் கிடையாது. விதிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகக் கதவைப் பூட்டுகிறவர் என்பதால் கான்டீன்காரரிலிருந்து அமைச்சர்கள் வரை எல்லோரும் அந்தக் காவலரைத் 'தாழ்ப்பாள்' என்றே கூப்பிடுவார்கள். ஆனால் தாழ்ப்பாளுக்கு இளகின மனசு. வராந்தாக் கோடியில் யாராவது மூச்சிரைக்க ஓடி வருவது தெரிந்தால், மணி நின்ற பிறகும் வலது காலைக் கதவிடுக்கில் கொடுத்து நிற்பார். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்த்ததே இல்லை. நாளாக நாளாக ஓடி வந்தவர்கள் நடந்து வர ஆரம்பித்தார்கள். மணி அடிக்க அடிக்க இன்னொரு வாய் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.

அன்று நெருக்கடி நிலையின் முப்பதாவது நாள்.

துறைமுக வேலைநிறுத்தத்தைச் சாக்காக வைத்து அதிபர் அதை அறிவித்திருந்தார். அரசியல் சாசனம் அவருக்குக் கொடுத்த தவணை முப்பது நாள். அதற்குமேல் ஒரு நாள் வேண்டுமானாலும் சபையின் மொத்தம் நூற்றைம்பது பேரில் எழுபத்தாறு பேர் எழுந்து நின்று சரி சொல்ல வேண்டும். வராதவரும் வேண்டாம் என்றவரும் ஒரே கணக்கு. தோற்றால் தோற்றதுதான், அதே தீர்மானத்தை அந்தக் கூட்டத்தொடரில் மறுபடி கொண்டுவர முடியாது. தாழ்ப்பாள் இதையெல்லாம் எங்கேயும் படித்ததில்லை. கதவோரம் நின்று காதாலேயே கற்றுக்கொண்டது.

அவருக்கு இதில் சொந்த வலி இருந்தது. தங்கையின் கணவர் மைக்செட் வாடகைக்கு விடுகிறவர். துறைமுகத் தொழிலாளிகள் கூட்டத்துக்கு ஒரு மைக்கும் நான்கு ஒலிபெருக்கியும் கொடுத்தார். மறுநாளே ஆளையும் பெட்டிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனார்கள். இருபத்தாறு நாளாகிறது. குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை. நெருக்கடி நிலை நடக்கிறவரைக்கும் கோர்ட்டுப் படியே ஏற முடியாது என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். மனிதருக்குச் சர்க்கரை வியாதி வேறு. சிறை வாசலில் துணியை வாங்கிக்கொள்கிறார்கள், மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தங்கை வாசற்படியில் வழிமறித்தாள்.

"பேசினது எவனோ. மைக்கு என்ன பண்ணும் அண்ணா? அத்தனை பெரிய மனுஷங்களோட பழகுற, உன்னால ஒண்ணுமே முடியாதா?"

"எங்கேம்மா பழகுறேன்? அவங்க வந்தா திறப்பேன், போனா மூடுவேன்."

"அப்போ இன்னிக்கு என்ன ஆகும்?"

"அதிபர் கட்சிக்கு எழுபத்தெட்டுப் பேர் இருக்காங்க" என்றார். அவள் வழிவிட்டு விலகினாள்.

மதியம் இரண்டே காலுக்கு, நெருக்கடி நிலையை நீட்டிக்கும் ஓட்டெடுப்புக்கு மணி அடிக்க ஆரம்பித்தது. உறுப்பினர்கள் திமுதிமுவென்று உள்ளே போனார்கள். ஆளுங்கட்சிக் கொறடா வரிசை வரிசையாகத் தலை எண்ணிக்கொண்டே வந்து வாசலில் நின்றார்.

"தாழ்ப்பாள், நம்மாளுங்க நாலு பேர் கான்டீன்ல இருக்காங்க. வந்துடுவாங்க. கொஞ்சம் பாத்துக்கோ."

"சரிங்க சார்" என்றார் தாழ்ப்பாள், பழக்க தோஷத்தில்.

நாலாவது நிமிடம். வராந்தாவில் ஈ காக்கை இல்லை. ஐந்தாவது நிமிடம் முடியப்போகும்போது கோடியில் நால்வரும் தெரிந்தார்கள். ஒருவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி ஏதோ சொல்ல, மற்ற மூவரும் சிரித்தார்கள். ஓடவில்லை. வேகமாகக்கூட நடக்கவில்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வருகிறவர்கள்போல நிதானமாக வந்தார்கள்.

மணி நின்றது.

வலது கால் தானாகவே நகர்ந்தது. தாழ்ப்பாள் குனிந்து அதைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினார். இரண்டாம் தடவைதான் பூட்டு விழுந்தது.

வெளியிலிருந்து தட்டினார்கள்.

"யோவ் தாழ்ப்பாள், நான்தான்யா!"

"விளையாடாதேப்பா, திற!"

"அமைச்சர்யா நானு!"

கொறடா உள்ளே முகம் வெளுத்து எழுந்தார். சபாநாயகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "கதவு பூட்டியாச்சு. ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார்.

எழுபத்து நாலு பேர் நின்றார்கள். இரண்டு தடவை எண்ணினார்கள். இரண்டு தடவையும் எழுபத்து நாலுதான்.

கதவைத் திறந்ததும் கொறடா பாய்ந்து வந்தார். "என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"மணி நின்னுது, பூட்டிட்டேன் சார்."

"இத்தனை வருஷமா இப்படியா பூட்டினே?"

"இத்தனை வருஷமாத் தப்புப் பண்ணிட்டேன் சார். மன்னிச்சுக்குங்க."

"உன் மேல எழுதிக் கொடுக்கிறேன் பாரு!"

"கொடுங்க சார். என்னன்னு எழுதுவீங்க?"

கொறடா வாயைத் திறந்தார். காவலர் கதவைச் சரியான நேரத்தில் பூட்டிவிட்டார் என்று எழுத வேண்டும். வாயை மூடிக்கொண்டார். கைக்குட்டைக்காரரைப் பார்த்து, "உமக்கு அந்தக் கடைசி வாய் அவ்வளவு முக்கியமாய்யா?" என்று கத்திக்கொண்டே போய்விட்டார். தாழ்ப்பாள் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்தார். தங்கை தெருவுக்கே ஓடி வந்துவிட்டாள்.

"அண்ணா, எழுபத்து நாலுன்னு ரேடியோல சொன்னாங்க. எழுபத்து நாலு எழுபத்தாறை விடக் கம்மிதானே?"

"கம்மிதாம்மா."

"நல்லாத் தெரியுமா?"

"ரெண்டு கம்மி. விரல் விட்டு எண்ணிக்கோ."

அவள் நிஜமாகவே இரண்டு விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். "நாலு பேர் வரலையாமே? நாட்டுக்காக வெளியே நின்னுட்டாங்கன்னு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. யாரு அண்ணா அந்தப் புண்ணியவானுங்க?"

"கான்டீன்ல சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க."

"சாப்பிட்டுக்கிட்டா?" அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போகுது. அவங்க வயிறு நல்லாயிருக்கட்டும்."

தாழ்ப்பாள் தன் காலைப் பற்றி மூச்சு விடவில்லை. வேறு ஏதாவது சட்டத்தில் மாப்பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்ற பயம் அவருக்கு இருந்தது. அதையும் சொல்லவில்லை. ஆனால் பல நாளைக்குப் பிறகு அவள் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்தார். அவரும் தட்டை நீட்டினார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிறையின் பக்கவாட்டு வாசல் வழியாக நாற்பத்தொரு பேரை வெளியே விட்டார்கள். தாழ்ப்பாளும் தங்கையும் வாசலில் காத்து நின்றார்கள். மைக்செட்காரர் பதினேழாவது ஆளாக வந்தார். மூவரும் நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனார்கள்.