நாற்பத்தொன்றாம் பத்தி

வாழையிலையில் சோற்றைக் குவித்துக் கத்தரிக்காய்ப் பால்கறியை ஊற்றுகிறேன், ஆவி கணவருடைய படத்தில் படிகிறது, சேலைத் தலைப்பால் துடைக்கிறேன், துடைத்த இடத்தில் நினைவு கலைந்து இலண்டன் நீதிமன்றத்தின் நீதிபதி அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், உங்கட படையலைப் பற்றித்தான் தங்கச்சி கதைக்கினம், என்று காதருகே சொல்கிறார் மொழிபெயர்ப்பாளர் தவநேசன் அண்ணை. இலங்கையில் இராணுவம் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன கணவரைத் தேடிப் படத்தோடு தெருவில் நின்றேன், நின்றதற்காக என்னையும் பிடித்து அடித்தார்கள், ஓடி வந்து இங்கே அடைக்கலம் கேட்டேன், போன வருடம் ஒரு நீதிபதி என்னை நம்பினார், நம்பியது பிழை என்று அரசாங்கம் மேன்முறையீடு செய்திருக்கிறது, இன்று தோற்றால் திரும்ப அந்தக் கைகளிடம்தான். அவர் போன திகதியில் என்ன செய்வீர்கள் என்று குடிவரவு அதிகாரி கேட்டபோது, அவரைப் பெற்ற மாமியின் மனதுக்காக வருடா வருடம் படைப்பேன் என்று ஒளிக்காமல் சொன்னவள் நான், பொய் சொன்னவையெல்லாம் பாஸ், நீ உண்மையைச் சொல்லி அம்பிட்டிட்டாய், விசரி, என்று அறைத்தோழி சுகந்தமலர் விழுந்து விழுந்து சிரித்தாள், பிறகு அழுதாள்.

செத்தவருக்குப் படைப்பவள் எதற்குத் தேடுகிறாள், என்கிறார் அரசாங்க வழக்கறிஞர், எனக்கும் தெரியாது, படைத்த கையோடு ஒரு பங்கை மூடி வைப்பேன், பசியோடு அவர் வருவார் என்று, மாமி பார்த்தும் பாராமல் போவார், யாரிடமும் இதைச் சொன்னதில்லை, என் ஊரை வரைபடத்தில் மட்டும் கண்டிருக்கக்கூடிய அந்த முதல் நீதிபதியோ தீர்ப்பின் நாற்பத்தொன்றாம் பத்தியில் எழுதியிருந்தார், ஒரு மனைவி இறந்தவருக்குப் படைக்கவும் அவரையே உயிரோடு எதிர்பார்க்கவும் முடியும். எப்படித் தெரிந்தது அவருக்கு, எனக்குள் எந்தக் கதவு வழியாக வந்து போனார்.

ஒரு மனைவியால் அப்படி முடியாது என்கிறீர்களா, என்று நீதிபதி அம்மா கேட்கிறார், வழக்கறிஞர் தாள்களைப் புரட்டுகிறார், நிறுத்துகிறார், காலையிலிருந்து முதல்முறையாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார், இல்லை, அப்படி என்னால் சொல்ல முடியாது. தள்ளியாச்சு தங்கச்சி, என்று தீர்ப்பைக் கேட்ட தவநேசன் அண்ணையின் குரல் உடைகிறது, ஆரையண்ணை, என்னையோ, இல்லையம்மா, அவையின்ர அப்பீலை, நீங்க இனி இஞ்சதான்.

வெளியே வந்து வெயிலில் நின்று, இனி இங்கேதான் என்று என் கணவரிடம் சொன்னேன், முதலில் இல்லாதவருக்குச் சொல்வதுபோல, பிறகு இன்னும் வழியில் வந்துகொண்டிருப்பவருக்குச் சொல்வதுபோல, வீட்டிலக்கம், தெரு, எந்த பஸ் என்பதையும் சேர்த்து.