ஒரு கைக்கு அடங்கும் போன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் செல்போன்களைச் சில வாரம் பயன்படுத்திப் பார்த்து, ஓர் இணையதளத்துக்கு மதிப்புரை எழுதுவது என் வேலை. மார்த்தாண்டத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்துகொண்டு, கேமரா எப்படி, பேட்டரி நிற்கிறதா, சூடாகிறதா என்று எழுதுவேன். போன ஆவணியில் வந்தது ஒரு சின்னப் போன். விலையும் குறைவு. 'இந்தக் காலத்தில் இவ்வளவு சின்னப் போன் யாருக்கு வேண்டும்?' என்ற கேள்வியோடு மதிப்புரையைத் தொடங்கினேன்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஷிபு அண்ணன் வந்தார். மதிப்புரை நின்றுவிட்டது.

பிறகு எழுதிப் பார்த்த தொடக்கங்களில் இரண்டை அழிக்காமல் விடுகிறேன்.

'பெரிய திரைகளின் காலத்தில் ஒரு சின்னப் போன் என்பது'

(இப்படித் தொடங்குகிற எதையும் நானே படிக்கமாட்டேன்.)

'சிதறால் மலைக்குக் கீழே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒரு வீட்டில், ஒரு போன் அடிப்பதற்காக ஒரு மனிதர் காத்திருந்தார்.'

(இதில் எல்லாம் உண்மை. 'காத்திருந்தார்' என்ற சொல்லில் மட்டும் எனக்குப் பிற்பாடு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம்தான் இந்தக் கதை.)

2

கிரேசி என்னோடு பள்ளியில் படித்தவள். இப்போது ஒரு மழலையர் பள்ளியில் ஆசிரியை. அவளுடைய கணவர்தான் ஷிபு. (இரண்டுமே உண்மைப் பெயர்கள் அல்ல. எழுதப்போகிறேன் என்றதும், "எனக்கு கிரேசின்னு வை. நம்ம கிளாஸ்ல ஒருத்தி இருந்தாள்லா, அவளுக்க முடி எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.)

ஷிபு அண்ணன் மைக் செட் வைத்திருந்தவர். சபைத் திருவிழா, கல்யாணம், கட்சிக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அவருடைய பெட்டிகள்தான் போகும். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ஊசி போடுவதற்கென்று ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை செய்திருந்தார்கள். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது. ஊசி ஏறியிருக்கும்போது அசைக்கவும் கூடாது. ஆக, கட்டிலில் கிடக்கிற நேரமெல்லாம் அவருக்கு ஒரே ஒரு கைதான்.

"ஏட்டி, ஒத்தக் கையில பிடிக்க மாதிரி போன் ஏதாவது உண்டா?" என்று கேட்டாள் கிரேசி. "அவியளுக்க பெரிய போன் மூஞ்சில விழுந்து மூக்கு வீங்கிட்டு. பாக்கெட்லயும் நிக்காது. எங்கயாவது வச்சுட்டுத் தேடிட்டுக் கெடக்காவ. அந்த நேரம் பாத்து ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டா?"

அந்தக் 'கூப்பிட்டா' என்பதற்குள்தான் அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் இருந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அண்ணனின் பெயர் மேலே வந்திருந்தது. எங்கோ ஒருவர் மூளைச்சாவு அடைந்து, அவர் வீட்டார் சம்மதித்தால், பட்டியலில் உள்ளவரைப் போனில் அழைப்பார்கள். எடுத்தால் உடனே புறப்பட வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மறுநாளே அந்தச் சின்னப் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

3

அவர் முதலில் செய்த காரியம், ஒலியை முழுவதும் கூட்டி மேஜைமேல் வைத்துத் தலையைச் சாய்த்துக் கேட்டது.

"தகரம் போல இருக்கு. எடுப்பு இல்ல," என்றார். "ஆனா கேக்கும்."

பிறகு வலது கையில் எடுத்து, பெருவிரலைத் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஓடவிட்டார். "எல்லாம் எட்டுது, மக்கா."

அன்று இரவு ஒரு பக்கம் எழுதினேன். அதில் ஷிபு அண்ணன் அமைதியானவர். துன்பத்தைப் புன்னகையோடு ஏற்றவர். கிரேசியிடம் படிக்கக் கொடுத்தேன்.

"இது யாரு?"

"அண்ணன்தான்."

"அவிய இப்பிடியொண்ணும் இல்ல. உப்பு இல்லாத சாம்பாரான்னு கேட்டு நேத்து தட்டத் தள்ளிவிட்டாவ. டாக்டர் சொன்ன அளவுக்கு மேல குடிக்க வெள்ளம் கேட்டு எனக்கிட்ட சண்டை. நீ என்னன்னா, அப்போஸ்தலரு மாதிரி எழுதி வச்சிருக்க."

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் அந்த அப்போஸ்தலரை மனசிலிருந்தும் முழுவதும் கிழித்தேனா என்பது சந்தேகம். துன்பப்படுகிறவர் கொஞ்சம் பெரிய மனிதராக இருந்தால் எழுதுகிறவளுக்கு வசதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில், பிரசங்கத்துக்கு நடுவில், அந்தப் போன் அடித்தது. கிரேசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது எந்த அழைப்புக்கான போன் என்று சபைக்கே தெரியும் என்பதால் போதகர் பேச்சை நிறுத்தினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்து நின்று எடுத்தார். ஒரு பெண் குரல், செல்போன் திட்டத்தை மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்டது.

"போன் அடிச்சப்போ அவியளுக்க மூஞ்சியப் பாக்கணும். வெளுத்துட்டு," என்றாள் கிரேசி. "பேசி முடிச்ச பெறவு நல்லாட்டு தெளிஞ்சுட்டாவ."

'ஏமாற்றத்தில் அவர் முகம் வெளுத்தது' என்று எழுதிக்கொண்டேன். அவள் சொன்ன வரிசையை நான் கவனிக்கவில்லை. முகம் வெளுத்தது எடுப்பதற்கு முன்னால். தெளிந்தது, அது ஆஸ்பத்திரி இல்லை என்று தெரிந்த பின்னால்.

4

வியாழக்கிழமை மத்தியானம் கிரேசி அழைத்தாள்.

"ஏட்டி, நீ என்ன போன் தந்த?"

குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"காலையில ஆஸ்பத்திரியில இருந்து அவியள ரெண்டு தடவ கூப்பிட்டிருக்காங்க. போன் அடிக்கவே இல்லன்னு அவிய சொல்லுகாவ. பெறவு எனக்குக் கூப்பிட்டிருக்காங்க. எனக்க போன் பைக்குள்ள கெடந்து. கிளாஸ்ல போன் எடுக்கப்பிடாதுல்லா. சாப்பாட்டு மணிக்குப் பாத்துட்டு நான் கூப்பிட்டா, அடுத்த ஆளுக்குச் சொல்லியாச்சாம். போயிட்டு, கேட்டியா. போயிட்டு."

ஸ்கூட்டரில் போகும்போது வழியெல்லாம் அந்தப் போனை மனசுக்குள் கழற்றிப் போட்டேன். மலை மறைத்துச் சிக்னல் போயிருக்குமோ? பேட்டரியை மிச்சப்படுத்த விலை குறைந்த போன்கள் தாமாகவே உறங்கிப்போவது உண்டு, அதுவோ? தெரியாத எண்களை மௌனமாக்குகிற வசதி எங்காவது ஒளிந்திருந்து, நான் பார்க்காமல் விட்டேனோ? ஆற்றூர் தாண்டும்போது கை வியர்த்துப் பிடி வழுக்கியது. ஓரமாக நிறுத்தி, சேலையில் துடைத்துக்கொண்டு போனேன்.

(இந்த இடத்தில் மழை பெய்ததாக ஒரு வரி எழுதியிருந்தேன். பெய்யவில்லை. நல்ல வெயில்.)

5

கிரேசி முற்றத்தில் நின்றாள். அண்ணன் உள்ளே நாற்காலியில். போன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது.

என் போனிலிருந்து அழைத்தேன். அடித்தது. கிரேசியின் போனிலிருந்தும் அழைத்தேன். அடித்தது.

"இப்ப அடிக்குது பாத்தியா," என்றாள்.

"அப்ப அடிக்கல்ல," என்றார் அண்ணன், சுவரைப் பார்த்து.

"சபையே கேக்க அடிச்ச போன் வீட்டுல எப்பிடி அடிக்காம இருக்கும்? சவத்த போன். இத ஏதாவது கெணத்துல போடணும்."

நான் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. கடைசியாக அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். எடுக்காமல் விட்டுப்போன அழைப்புக்கு அந்தப் போன் வளைந்த சிவப்பு அம்பு ஒன்று காட்டும். கையால் துண்டித்த அழைப்புக்கு, வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு.* ஆஸ்பத்திரி எண்ணுக்கு எதிரே, இரண்டு தடவையும், குறுக்குக் கோடு இருந்தது.

நான் நிமிர்ந்தபோது ஷிபு அண்ணன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னட்டி? போனுக்கு என்ன?" என்றாள் கிரேசி.

"வீட்டுல போய் யோசிச்சுட்டுச் சொல்லுகேன்."

* இந்த அடையாளங்களை ஒரு குறையாக எழுதுவதற்குக் குறித்து வைத்திருந்தேன்: 'மிகவும் பொடியாக இருப்பதால் எல்லோருக்கும் புரியாது.' கிரேசிக்குப் புரியவில்லை.

6

வீட்டில் போய் என்ன யோசிப்பது? போன் நன்றாக இருக்கிறது என்று மதிப்புரை எழுதினால், கிரேசி அதைப் படிப்பாள். என் மதிப்புரை ஒன்றையும் அவள் விட்டதில்லை. படித்தால், பிறகு ஏன் அடிக்கவில்லை என்று கேட்பாள். போன் மோசம் என்று எழுதினால் ஒரு வீட்டின் நிம்மதி காப்பாற்றப்படும். ஆனால் அடுத்த அழைப்பும் அதே விரலால் துண்டிக்கப்படும்.

'எழுத்தாளருடைய முதல் கடமை உண்மைக்கு என்று'

(விட்டுவிட்டேன். எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. கிரேசிக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தோன்றியது.)

சனிக்கிழமை டயாலிசிஸ் நடக்கும் இடத்துக்குப் போனேன். கிரேசி மருந்து வாங்க வெளியே போயிருந்தாள். அண்ணனின் வலது பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"போன் நல்லாட்டுதான் இருக்கு, இல்லியா?" என்று அவரே தொடங்கினார்.

"ஆமா, அண்ணா."

"எனக்குத் தெரியும்." கொஞ்ச நேரம் இயந்திரத்தைப் பார்த்தார். "எதிர்த்த கட்டில்ல அந்தப் பொம்பள கெடக்குல்லா? அது வைகுண்டராஜனுக்க கட்டில். அஞ்சுகிராமத்துக்காரரு. வாழைக்கொலை மண்டி. நானும் அவரும் ஒரே நேரத்துலதான் இஞ்ச வந்து கெடப்போம். வைகாசியில அவரக் கூப்பிட்டாங்க. சிரிச்சுட்டே போனாரு. 'ஷிபு, இனி ஒரு செம்பு வெள்ளம் ஒத்த மூச்சுல குடிப்பேன்'னு சொன்னாரு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுன்னாங்க. பெறவு ஒரு காய்ச்சல். அவ்வளவுதான்."

"எல்லாருக்கும் அப்படி ஆகாதுல்லா, அண்ணா."

"டாக்டரும் அதத்தான் சொல்லுகாரு. எனக்குத் தெரியாதா? தெரியும். பெருவிரலுக்குத் தெரியல்ல."

நெஞ்சின்மேல் கிடந்த போனை வலது கையால் தூக்கிக் காட்டினார்.

"அந்தப் பெரிய போனா இருந்தா ரெண்டு கை வேணும். எடுத்துப் பிடிக்கதுக்குள்ள கொஞ்சம் யோசிச்சிருப்பேன். இது சின்னது. எடுக்கதும் எட்டுது, வெட்டுகதும் எட்டுது." பிறகு மெதுவாக, "கிரேசிக்கிட்ட சொல்லாத," என்றார்.

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லணும்."

"நீ போன் நல்லதுன்னு எழுதினா அவளுக்குத் தெரிஞ்சிரும்."

"எழுதித்தான் ஆகணும்."

கண்ணை மூடிக்கொண்டார். உறங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"எப்ப எழுதுவ?"

"நீங்க சொன்ன பெறவு."

7

இந்த இடத்தில் இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவர் கிரேசியிடம் சொல்வதே இல்லை. போன் கிணற்றுக்குப் போகிறது, எல்லோரும் போனைத் திட்டுகிறார்கள். இன்னொன்றில் அன்றைக்கே மறுபடியும் அழைப்பு வருகிறது, அவர் எடுக்கிறார். முதலாவது கொடுமை. இரண்டாவது என் ஆசை.

நடந்தது வேறு. அன்று சாயங்காலம் வீட்டில், ஊசி எடுத்த இடத்துப் பஞ்சைக் கிரேசி மாற்றிக்கொண்டிருந்தபோது, அவர் சொல்லிவிட்டார். அவள் பஞ்சை அழுத்திய கையை எடுக்கவில்லையாம்.

"பேடியா இருக்கு, பயந்து கெடக்கேன்னு எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்று மட்டும் கேட்டாளாம்.

"நீ அந்தப் போன் அடிக்கணும்னு முழங்கால்ல நின்னு ஜெபிச்சுட்டுக் கெடக்கும்போ நான் எப்பிடிச் சொல்ல?"

இதை என்னிடம் சொல்லும்போதுதான் கிரேசி அழுதாள். "நானும் பேடிச்சுட்டுதாம்ட்டி ஜெபிச்சேன். அடிக்கணும்னும் ஜெபிச்சேன், இப்ப அடிக்காண்டாம்னும் ஜெபிச்சேன். ஆண்டவரு எதக் கேப்பாரு?"

திங்கட்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நானும் கூட இருந்தேன்; ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். பட்டியலைக் கவனிக்கிற நந்தனா என்ற பெண் பேசினார். கோபமே இல்லாத குரல்.

"பயம் எல்லாருக்கும் உண்டு. நீங்க முதல் ஆள் இல்ல," என்றார். "பட்டியல்ல பேரைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கணும்னா வைக்கலாம். நான் ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அடுத்த தடவ கூப்பிட்டா வருவீங்களா?"

கிரேசி போனை அண்ணனிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்; பெருவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலேயே நின்றது, அழுத்தவில்லை. நந்தனாவும் வைத்துவிடவில்லை.

"பேரு இருக்கட்டும்," என்றார் கடைசியில்.

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லையே."

"இப்போதைக்கு அதாக்கும் பதில்."

மறுமுனையில் அவர் எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "சரி. பேர் இருக்குது," என்றார். கிரேசி தன் பள்ளியில் பேசி, வகுப்பில் போன் வைத்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டாள்.

8

மதிப்புரை வெளிவந்துவிட்டது. போன் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினேன். கிரேசி அதைத் தன் பள்ளி ஆசிரியைகளுக்கெல்லாம் அனுப்பினாள். இந்தக் கதை மட்டும் மிச்சம்.

"கதைக்கு முடிவு எழுதாத, மக்கா," என்று கேட்டுக்கொண்டார் ஷிபு அண்ணன். "போனேன்னு எழுதினா போயே ஆகணும்னு தோணும். போகல்லன்னு எழுதினா இவ படிப்பா."

ஆகவே எழுதவில்லை. நீங்கள் உங்களுக்குள் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த தடவை அந்தப் பெருவிரல் எந்தப் பக்கம் நகரும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அது. என்னிடம் சொல்ல வேண்டாம்.

இன்றைக்கு அவருக்கு டயாலிசிஸ் நாள். இந்நேரம் இடது கையில் ஊசியோடு கிடப்பார். போன் நெஞ்சின்மேல் இருக்கும். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் கேட்க வேண்டும், ஐந்தாம் பகுதியில் அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று. அவருடைய எண்ணைத் திரையில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அழுத்தினால் அங்கே அடிக்கும். அடிப்பது நான்தான் என்று அவர் பார்ப்பதற்கு ஒரு கணம் ஆகும்.

அந்த ஒரு கணத்தை நினைத்து, அழைக்காமல் இருக்கிறேன். ஆகையால், அன்று அவர் போட்டிருந்த சட்டையின் நிறம்…