கவிழ்த்து அளந்த கண்ணாடி

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. தலையில் இடி விழுந்தாலும் மனிதர் “ஆகட்டும்” என்றுதான் சொல்வார். அன்று மதியம் அதைக்கூடச் சொல்லவில்லை.

எங்களிடம் இரண்டு செயற்கைக்கோள்கள். நாங்கள் சொல்வதை முதலாவது வாங்கி, லேசர் ஒளியாக இரண்டாவதற்கு அனுப்பும். அது தூரக் கடலில் போகும் கப்பல்களுக்குச் சொல்லும். அந்தப் பக்கக் கடலுக்கு வேறு நாதி கிடையாது. அங்கே போன ஒரு கப்பலில் என் அத்தான், அக்காவின் கணவர், இன்ஜினியர். அக்காவுக்கு என் பக்கத்து நாற்காலி. புயல் தெற்கே போகிறது, வடக்கே ஒதுங்குங்கள் என்று காலையில் செய்தி அனுப்பியவளும் அவள்தான். மதியம் புயல் வடக்கே திரும்பிவிட்டது.

திருத்திய செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தோம். கிடைத்ததாகத் தகவல் இல்லை.

“குறி தப்புதாடி?” என்றாள் அக்கா.

“குறி சரியாத்தான் இருக்கு. வெளிச்சம்தான் பரவிப் போகுது. ரெண்டும் பக்கத்துல இருந்தவரைக்கும் சமாளிச்சுது. இப்ப விலகிப் போகுதுல்ல.”

அப்படியானால் முதலாவதில் ஒளியை அனுப்பும் கண்ணாடியில் கோளாறு. அதைத் தேய்த்த பட்டறைக்குப் போன் போட்டேன்.

“அளக்கும்போது எப்படி வெச்சிருந்தீங்க?”

“கவுத்துத்தான் மேடம். நிமித்தி வெச்சா தூசி உக்காந்துரும்ல.”

தரையில் கண்ணாடி தன் எடையாலேயே துளி தொய்யும். மேலே எடை இல்லை. அதனால் அந்தத் தொய்வைக் கணக்கில் கழித்துவிடுவது வழக்கம். எங்கள் புத்திசாலிகள், கண்ணாடி நிமிர்ந்திருப்பதாக நினைத்துக் கழித்திருந்தார்கள். கவிழ்ந்த கண்ணாடிக்கு அது தலைகீழ்க் கணக்கு. இல்லாத வளைவைப் போக்கப் பட்டறையைத் தேய்க்கச் சொல்லி, தொய்வைப்போல் இரண்டு மடங்கு வளைவை உண்டாக்கி மேலே ஏற்றிவிட்டார்கள். எப்படி வைத்து அளந்தீர்கள் என்று இவர்கள் கேட்கவில்லை, பட்டறைக்காரர்களும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இறக்கியா தேய்க்க முடியும்?” என்றார் ஆகட்டும். “ரெண்டும் மறுபடி எப்ப நெருங்கும்?”

“நாளைக்கு சார்.”

புயலுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் அக்காவைப் பார்க்கவில்லை.

இரண்டாவது செயற்கைக்கோளின் கண்ணாடியில் ஒரு பழுதும் இல்லை. அது அனுப்புவது எங்களுக்குச் சுத்தமாக வந்தது. அதன் வழியாக அத்தானின் செய்தி திரையில் விழுந்தது.

“நீ சொன்னபடியே வடக்க திரும்பிட்டோம். முழு வேகத்துல போறோம். கவலைப்படாத.”

அக்கா “வேணாம், திரும்புங்க” என்று தட்டினாள். அனுப்பினாள். மறுபடி அனுப்பினாள். எழுத்துகள் மாறி விழுந்தன; திருத்தி அனுப்பினாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுத்தது வந்தது.

“ஏன் பதிலே காணோம்? கோவமா?”